சனம் போன பக்கம் போன மாமா

மாமி வானுக்குள் முதலில் ஏற்றிய சாமான் மண்வெட்டி. ஜெயபுரத்தில் மாமா வீட்டுப் படலைக்கு முன்னால் வான் பின்கதவு திறந்தபடி நிற்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் நடுச்சாமத்திலேயே எழும்பி, குளித்து, பவுடர் பூசி, முன் சீற்றுக்கு அடிபடுகிறார்கள். மாமி குசினிப் பக்கமிருந்து மண்வெட்டியைத் தூக்கிவந்து சீற்றுக்குக் கீழே செருகுகிறார். நாங்கள் வெளிக்கிட்டது கொழும்புக்கு அங்கால் இருக்கும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு. "மண்வெட்டி என்னத்துக்கு மாமி?" என்று கேட்டேன். "வான் எங்கையும் புதைஞ்சால்?" என்றார். "கொழும்பு மட்டும் தார் ரோட்டு மாமி." "தார் ரோட்டை நம்பி வெளிக்கிட்டுத்தான் நாங்கள் வயலுக்குள்ளால நடந்தனாங்கள். நீ ஓடுற வேலையைப் பார்." மண்வெட்டிக்குப் பின்னால் அரைச் சாக்கு அரிசி, பானை, காஸ் அடுப்பு, தறப்பாள், பாய், தண்ணீர்க் கான், டோர்ச் லைற், பனடோல் எல்லாம் வந்தன. கடைசியாக ஒரு ஷொப்பிங் பாக்கில் பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், மூத்தவனின் பள்ளிக்கூட றிப்போட். மாமா எல்லாவற்றையும் ஏற்றினார். ஒரு நாள் பயணம். ஆட்கள் ஐந்து பேர். சாமானைப் பார்த்தால் ஊரே எழும்பிப் போவது போல இருந்தது.

நான் ஒரு இடத்தில் ஊன்றி நின்றவன் அல்லன். பள்ளிக்கூடம் இடப்பெயர்வோடு பாதியில் நின்றது. பிறகு வகுப்பில் போய் இருந்து பார்த்தேன், வாங்குப் பலகை சுட்டது. முல்லைத்தீவில் கரைவலை இழுத்தேன், வவுனியாவில் கல் அறுத்தேன், கொழும்புச் சாப்பாட்டுக் கடையொன்றில் வெங்காயம் உரித்தேன், அங்கிருந்து போய் ஒரு மழைக்காலம் முழுக்க நீர்ப் பூங்கா ஒன்றில் வாடகை உடுப்புத் தோய்த்தேன். இப்போது வான் ஓட்டுகிறேன். பூங்காவுக்குப் போகிற குடும்பங்கள் என்னைத்தான் பிடிக்கிறார்கள், யோசனையும் கேட்கிறார்கள். நானும் போகிற வழியிலேயே சொல்லிவிடுவேன். பருத்தி உடுப்போடு தண்ணீருக்குள் விடமாட்டார்கள். சாரம், சேலை, சுரிதார் ஒன்றும் சரிவராது. வழுக்குகிற துணியில் தைத்த உடுப்பை அங்கேயே வாடகைக்கு எடுக்கவேண்டும், அதுவும் விடியப் போய் எடுக்கவேண்டும், பிந்தினால் யானைக்குத் தைத்ததும் ஈர்க்கிலுக்குத் தைத்ததும்தான் மிஞ்சும். சாப்பாட்டை வாசலிலேயே மறிப்பார்கள். நகை போட்டு வரவேண்டாம், குழாய்க்குள் கழன்ற மோதிரம் திரும்பி வராது. பிள்ளையின் கையில் போன் நம்பரைப் பேனையால் எழுதவேண்டாம், முதல் முங்கிலேயே அழிந்துவிடும். பள்ளி விடுமுறையில் போகவே வேண்டாம். இதெல்லாம் உடுப்புத் தோய்த்த காலத்தில் படித்தது அல்ல. உடுப்புத் தோய்ப்பவன் சுவரையும் சவர்க்காரத்தையும் தவிர எதைக் கண்டான்? மாமியோடு போன அந்த ஒரு நாளில் படித்தது.

மாமிக்கு என்று சொந்தமாக ஒரு பயணச் சட்டம் இருந்தது. அது பிறந்த கதையைச் சொல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது. மாமா என் அம்மாவின் தம்பி. அவருக்குக் கலியாணம் நடந்து ஒரு வருசம் ஆகுமுன் போர் நெருங்கி ஊர் இடம்பெயர்ந்தது. அம்மாவும் நானும் அவர்களோடுதான் நடந்தோம். ஒவ்வொரு இடமாகத் தறப்பாள் கட்டி, பங்கர் வெட்டி, அதை விட்டு எழும்பி, முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அந்த நடையில்தான் மாமி சட்டம் போட்டார்: "ஆராவது தவறினால் திரும்பித் தேடி வரக்கூடாது. சனம் போற பக்கம் முன்னால போங்கோ. சனம் போய் நிக்கிற இடத்தில எல்லாரும் சந்திப்பம்." நல்ல சட்டம்தான். அந்த ரோட்டில் திரும்பி நடந்தவர்கள் பலர் வந்து சேரவில்லை. எங்களுக்குள் அதை மீறியவர் மாமா ஒருவர்தான். கடைசியாக எழும்பிய நாள், பின்னால் வந்துகொண்டிருந்தவரைக் காணவில்லை. அவர் திரும்பிப் போவதைக் கண்டதாக ஒரு ஆள் சொன்னார். நாங்கள் முன்னால் போய் நின்றோம். சனம் நின்ற இடத்தில் அவர் இல்லை. மாதக்கணக்காக இல்லை. போர் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் மாமி அழுது நான் காணவில்லை. பஸ் வந்தால் மட்டும் முள்ளுக்கம்பி ஓரம் போய் நிற்பார், கடைசி ஆள் இறங்குமட்டும் பார்ப்பார், திரும்பி வந்து உலை வைப்பார். மாமா வேறொரு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த நாளில்தான் மாமி வாய் திறந்து ஏசத் தொடங்கினார்.

அந்த ஏச்சு நிற்கவே இல்லை. முந்திய இடத்தில் தண்ணீர் இறைக்கிற மெசினைப் புதைத்துவிட்டு வந்திருந்தோம், மாமா அதை எடுக்கத்தான் திரும்பினார் என்பது மாமியின் முடிவு. மீள்குடியேறி, வயலைத் திருத்தி, பிள்ளைகள் இரண்டு பிறந்து வளர்ந்த பிறகும் வீட்டில் எந்த வழக்கும் அந்த மெசினில் போய்த்தான் முடியும். மாமா சந்தைக்குப் போய் வெங்காயம் மறந்து வந்தால், "மெசினை மறக்கேல்லையே அண்டைக்கு" என்பார். கோழிக்கூட்டுக் கதவு பூட்டாமல் கிடந்தால் அதற்கும் மெசின். மாமா மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வரம்புப் பக்கம் போய்விடுவார்.

பூங்காவுக்குப் போகிற ஆசை பிள்ளைகளுடையது. போனில் யாரோ குழாய்க்குள் சறுக்குவதைப் பார்த்துவிட்டு ஒரு போகம் முழுக்க நச்சரித்தார்கள். மாமியும் கடைசியில் ஓம் என்றார், தன் சொல் கேட்டு வருவதென்றால் மட்டும். வாசலில் முதல் சண்டை. காவலாளி பானை மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பிட்டைப் பார்த்து, கையை ஆட்டினான். மாமி தமிழில் கேட்டதில் பாதியைத்தான் நான் சிங்களத்தில் சொன்னேன். மற்றப் பாதியையும் சொல்லியிருந்தால் அங்கிருந்தே வான் திரும்பியிருக்கும். வாகனத் தரிப்பிடத்து மரநிழலில் தறப்பாளை விரித்து, அந்தக் காலை நேரத்திலேயே மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து எங்களைத் தின்ன வைத்தார் மாமி. காவலாளிக்கும் ஒரு பார்சல் போனது. அவன் சம்பலைத் தின்று, கண்ணீரோடு வந்து தண்ணீர் கேட்டான்.

உடுப்பு மாற்றி வெளியே வந்தபோது இரண்டாவது சண்டை. வாழ்நாளில் சாரத்தைத் தவிர வேறெதுவும் கட்டாத மாமா, மினுங்குகிற மஞ்சள் காற்சட்டையும் மீன் படம் போட்ட இறுக்கச் சட்டையுமாக, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தார். மாமிக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஊதா உடுப்பு, தலையில் ரப்பர்த் தொப்பி. "என்ன கோலமப்பா இது? பிள்ளையள் பயப்பிடப் போகுதுகள்" என்றார் மாமி. மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீர் மட்டும் என்னவாம்? கழுவி வச்ச கத்தரிக்காய் மாதிரி நிக்கிறீர்." பிள்ளைகள் நிலத்தில் விழுந்து சிரித்தார்கள். மாமிக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்களை அலையடிக்கிற குளத்தடிக்குக் கூட்டிப் போனார். அங்கே நிற்கவைத்துச் சட்டத்தை மறுபடி சொன்னார். தவறினால் திரும்பக்கூடாது, சனம் போற பக்கம் போகவேணும். கடைசியில் மாமாவைப் பார்த்து, "மெசின் கிடந்தாலும் திரும்பக்கூடாது, விளங்கிச்சோ?" என்றார். "ஓமப்பா, ஓம்" என்றார் மாமா.

சூரியன் உச்சிக்கு வரும் நேரம் மாமா கழிப்பறைக்குப் போனார். போன கதவால் வராமல் மற்றக் கதவால் வெளியே வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கனநேரமாகக் காணவில்லை. மாமி குளத்து விளிம்பில் இருந்தபடி முதலில் ஏசினார். "இந்த மனுசனுக்கு மூத்திரம் பெய்யவும் முகாம் மாறவேணும்." பிறகு ஏசுவதை நிறுத்தினார். மாமி ஏசும்வரை பயமில்லை, நிறுத்தினால்தான் பயம். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அவர் வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வையை நான் முள்ளுக்கம்பி ஓரத்தில் கண்டிருக்கிறேன்.

ஒலிபெருக்கிக் கூண்டுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, மைக்கை என் கையில் தந்துவிட்டாள். வாயருகே வைத்த பிறகுதான், மாமாவின் பெயரை நான் ஒருநாளும் சொல்லிப் பழகவில்லை என்பது உறைத்தது. பதற்றத்தில் அது வரவே இல்லை. "மாமா, மாமி தேடுறா. அலையடிக்கிற குளத்தடிக்கு உடனே வாங்கோ" என்று மூன்று தரம் சொன்னேன். நான் திரும்பி வந்தபோது குளத்தடியில் ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு மாமாக்கள் நின்றார்கள். ஒருவர் பூவரசங்குளத்துக்காரர், "எந்த மாமி தேடுறா? எனக்கு மூண்டு மாமி" என்றார். எங்கள் மாமா மட்டும் வரவில்லை.

சின்னவள்தான் கண்டாள். "அந்தா அப்பா!" ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத தூரத்தில் சறுக்குக் கோபுரத்தின் உச்சியில், வரிசைக்கு நடுவே மஞ்சள் காற்சட்டை மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கவே அது குழாய்க்குள் புகுந்து மறைந்தது. நான் ஓடிப்போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். மாமா கீழ்த் தொட்டியில் வந்து விழுந்தார், எழும்பினார், முகத்தைத் துடைத்தார், நாலு பக்கமும் பார்த்தார். சனம் மறுபடியும் படிப்பக்கம் போனது. மாமாவும் போனார். "மாமா!" என்று கத்தினேன். அவர் படியில் ஏறிக்கொண்டே, "தம்பி, மாமி முன்னால போயிட்டாவோ?" என்றார். "இல்லை, பின்னால நிக்கிறா! திரும்பி வாங்கோ!" "திரும்பக் கூடாதெண்டு சொன்னவாவடா!" என்று அவர் கத்தியது கேட்டது. பின்னால் வந்த பொடியன்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனை சுற்று அப்படிப் போனாரோ தெரியாது. சறுக்குக்கு முன்பின் பழகாத மனிதர், ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டு, சனம் போய் நிற்கிற இடம் இதற்கடுத்துத்தான் வரும் என்று நம்பிப் போயிருக்கிறார்.

நான் வந்து சொன்னதும் மாமி எழும்பினார். "நீங்கள் இருங்கோ மாமி, நான் கீழ போய் நிண்டு பிடிக்கிறன்" என்றேன். அவர் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பூவரசங்குளத்து மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்கள் வெளியே வருகிற வழியால், அவ்வளவு சனத்துக்கும் எதிரே, முழங்கையால் இடித்து இடித்து உள்ளே போனார். தொட்டிக் காவலன் விசில் ஊதினான், யாரோ ஏசினார்கள். நானும் பின்னாலேயே போய்த் தொட்டி விளிம்பில் நின்றேன். மாமி தொட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், குழாய் வாய்க்கு நேரே போய் நின்றார். அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அடியில் போக, ரப்பர்த் தொப்பி மட்டும் முதலில் மேலே வந்தது. எழும்பியபோது மாமி அவருடைய சட்டையை மீன் படத்தோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"நீர் ஏன் வந்தனீர்?" மாமா மூக்காலும் வாயாலும் தண்ணீர் விட்டபடி கேட்டார். "திரும்பித் தேடக்கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்."

"உங்களைக் காணேல்லை. வந்தனான்."

மாமா முகத்தை வழித்துவிட்டு, "அண்டைக்கும் அப்பிடித்தான்" என்றார்.

"எண்டைக்கு?"

"சனத்துக்குள்ள உம்மடை பச்சைச் சட்டையைக் காணேல்லை. உம்மைப் பின்னால விட்டிட்டனோ எண்டு திரும்பினனான்."

மாமி சட்டையில் வைத்த பிடியை விடவில்லை. "மெசினுக்கில்லையோ?"

"அந்த மெசின் ஆருக்கு வேணும்? புதைக்கேக்கையே அது பழுது."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீர் எங்கை கதைக்க விட்டனீர்?"

அதற்கு மாமி ஏதோ சொல்ல வாய் திறந்தார். குழாயிலிருந்து ஒரு பருத்த ஆள் வந்து விழுந்து, இரண்டு பேரையும் தொட்டியின் மறு அந்தம் வரை தள்ளிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வெளிக்கிட்டோம். பிள்ளைகள் சாய்ந்து நித்திரை. மாமா வெயிலில் வெந்த தோளைத் தடவிக்கொண்டு, அந்தச் சறுக்கு அவ்வளவு மோசமில்லை, நாலாம் தரத்துக்குப் பிறகு நல்லாயிருந்தது என்றார். "வாயை மூடுங்கோ" என்றார் மாமி. ஆனால் மெசின் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மெசின் கதை கேட்கவே இல்லை. வழக்குகள் இப்போதும் நடக்கின்றன, எப்படி முடிப்பதென்று தெரியாமல் இழுபடுகின்றன.

இந்த வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர்களை நான்தான் கூட்டிப்போனேன். மூத்தவன் என்னை விட உயர்ந்துவிட்டான், சின்னவள் போனிலிருந்து கண் எடுப்பதில்லை. வான் கதவைத் திறந்ததும் மாமி எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: "ஆராவது தவறினால் நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ. நான் தேடி வருவன்." அம்மாளாச்சியைக் காண வந்த சனத்துக்குள் மாமா தவறத்தான் செய்தார். கனநேரம் தேடித்தான் மாமியும் நானும் அவரைக் கண்டோம். வேர்க்கடலை வறுத்து விற்கிற ஒரு கச்சான்காரியின் கடைக்குப் பக்கத்தில், சனம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இடித்துக்கொண்டு போக, ஒரு அடியும் அசையாமல் நின்றார்.

"கனநேரம் நிண்டனீங்களோ?" என்று மாமி கேட்டார்.

"சீச்சீ, இப்பதான்" என்றார் மாமா. அவருடைய காலைச் சுற்றி, உரித்துப் போட்ட கச்சான் கோது கணுக்கால் அளவுக்குக் கிடந்தது.