பத்து மணிக்குப் பூட்டும் பூங்கா

எங்கள் தெருப் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பது நாலு மணிக்கு. வெயில் ஆளைக் கொல்லும் நேரத்தில் உள்ளே நிழல் யாருக்கும் உதவாமல் கிடக்கும். இந்த நேரத்தை வகுத்த புண்ணியவான் ஏ.சி. அறையில் உட்கார்ந்துதான் வகுத்திருப்பார்.

என் வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றியவர். போன கோடையில் வேலை செய்யும்போதே சுருண்டு விழுந்தார். பிழைத்தார். ஆனால் அதன்பிறகு அவர் உடம்பு சூட்டைத் தாங்கவில்லை.

"பகல்ல நிழல்லயே வெச்சிருங்கம்மா, இன்னொரு தடவை விழுந்தா கஷ்டம்" என்றார் டாக்டர்.

நிழலுக்கு எங்கே போவேன்? எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முன்பெல்லாம் விம்கோ நகரில் மதியச் சாப்பாடு முடிவதற்குள் கடல்காற்று வந்துவிடும். இப்போது பொழுது சாயும்வரை இலை அசைவதில்லை. தெருவில் இருந்த மரங்களைப் புயல்கள் ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டன. மிச்சம், பூங்காவுக்குள் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் ஒன்றுதான்.

காவலாளியிடம் கெஞ்சினேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. அவர் மனமிரங்கிப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"படுக்க வாணாம் நைனா, குந்திக்க. ஆபீசரு யாராச்சும் வந்தா வாக்கிங் போறேன்னு சொல்லிக்க. பார்க்கு அதுக்குத்தான் கீது. என் வேலைக்கு ஒலை வெச்சிடாத" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

சில நாள் அந்த மரத்தடியில் என் வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கும் உயிர் வந்தது.

அன்று சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் ஜீப். மரத்தடியில் அவர் இல்லை. உச்சி வெயிலில், கல் பதித்த நடைபாதையில், கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார். ஆபீசரோ ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னாயா பண்ற? நிழலுக்கு வா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"கம்முனு இரு. பாவம், அந்தாளு வேலை பூடும்" என்றார். அடுத்த எட்டில் விழுந்தார்.

இப்போது வீட்டில்தான் கிடக்கிறார். பேச்சு இல்லை. காவலாளியையும் மாற்றிவிட்டார்கள், புதிதாக வந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நான் துணியை நனைத்து நனைத்து இவர் மார்பில் போடுகிறேன். கூரைச் சூடு அதைக் காயவைத்துவிடுகிறது.

சித்திரை இன்னும் பிறக்கவே இல்லை. இவரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?