வாள் வைத்தவர்களின் வாக்கு

எண்பதுகளின் கடைசி. சுவிஸ் நாட்டு அப்பென்செல் பக்கத்து மலையூர்ச் சதுக்கத்தில் ஆண்கள் இடுப்பில் வாளோடு நிற்கிறார்கள்; இங்கே வாள்தான் வாக்குரிமைக்கு அடையாளம். இந்த நாட்டைப் பார்த்துத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சீர்திருத்தக்காரர்கள் மக்கள் வாக்கெடுப்பைக் கற்றார்கள் என்று மதுரையில் பாடம் நடத்துகிறவன் நான். வாக்காளர்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்ப்பவர்களிடையே ஒரு தமிழ் முகத்தைக் கண்டு ஆசையாக நெருங்குகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். அருகில் அவருடைய முதலாளியம்மா.

"இன்னைக்கு என்ன கேள்வி?"

"பொம்பிளையளுக்கு வோட்டுக் குடுக்கலாமோ எண்டு, அண்ணை. இவவின்ர மனுசன் அங்க நிக்கிறார், பச்சைத் தொப்பியோட."

சம்மதிப்பவர்கள் கை தூக்குகிறார்கள். முதலாளியம்மா பச்சைத் தொப்பியையே பார்க்கிறார். அங்கே கை எழவில்லை.

"வாறன் அண்ணை. கூட்டம் முடிய எல்லாருக்கும் எங்கட ஹோட்டலிலதான் சாப்பாடு."

முதலாளியம்மா அதற்குள் அடுப்படிக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். கயிற்றைப் பிடித்தபடி நான் மட்டும் நிற்கிறேன்.