பதினான்காம் கேள்வி

கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதில் நஸீஹாவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். துனிசியாவின் தலைநகர் துனிஸில் உள்ள பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்று வருடா வருடம் ஒப்பந்தம் போட்டு அவளைக் கூப்பிடும். நாடு ஏன் உலக வியாபாரப் போட்டியில் பின்தங்குகிறது, பெண்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று அங்கே பெரிய படிப்புக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டிய பதிலை மொனஸ்தீர் என்ற கடலோர ஊர்ப் பக்கத்துச் சந்துகளில் வெயிலில் அலைந்து கொண்டுவருவது இவள்.

பதினான்காம் கேள்வி: "சென்ற வாரம் வேலை செய்தீர்களா?" பெண்கள் எல்லோருக்கும் பதில் ஒன்றுதான். "இல்ல, வீட்டுல சும்மாதான் இருக்கேன்." நஸீஹாவும் "இல்லை" கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் மப்ரூகா வீட்டில் அந்த டிக்கை அடிக்கக் கை வரவில்லை. சும்மா இருப்பதாகச் சொன்ன மப்ரூகாவின் மடியில் ஒரு ஜீன்ஸ் கிடந்தது. பேசிக்கொண்டே சின்னக் கத்தரியால் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேன் கொண்டுவந்து போட்டு, மத்தியானம் எடுத்துப்போய்க் கப்பலேற்றும் சரக்கு. அந்த ஊரில் வேலை என்றால் பையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவது. வீட்டில் செய்வதை யாரும் வேலை என்பதில்லை, செய்கிறவளே சொல்வதில்லை. இத்தனை வருடம் நானும் மக்காக இருந்திருக்கிறேனே என்று நஸீஹாவுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து தன் பங்குக்கு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டாள். "அக்கா, நேத்து எந்திரிச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் கையால என்னென்ன செஞ்சீங்க?" நூற்று நாற்பது வீட்டில் தொண்ணூற்றொரு வீட்டில் பதிலில் ஜீன்ஸ் வந்தது. தொண்ணூற்றொன்றிலும் "ஆம்" என்று அடித்து அனுப்பினாள்.

ஆய்வுத் தலைவர் ஹாதி அவளை உடனே தலைநகருக்குக் கூப்பிட்டார்.

"படிவத்துல இல்லாத கேள்விய யாரு உங்கள கேக்கச் சொன்னது? எல்லாத்தையும் அழிச்சு 'இல்லை'ன்னு மாத்துங்க."

"மாத்த மாட்டேன் சார்."

"அறிக்கை தயாரா இருக்கு. பொம்பளைங்களுக்குத் தொழில் பழக்கமே இல்ல, பயிற்சி குடுக்கணும்னு எழுதியாச்சு."

"கப்பல்ல போற பேன்ட்ட முடிச்சு அனுப்பறவளுக்கு நீங்க என்ன பயிற்சி குடுப்பீங்க? பேனா பிடிக்கவா?"

"அடுத்த வருஷம் ஒப்பந்தம் வேணுமா, வேணாமா?"

"வேணும். அதுக்காகப் பொய் எழுத முடியாது. சந்தேகம்னா பத்து வீட்டுக்கு நீங்களே நேர்ல போய்ப் பார்க்கணும்னு விதி இருக்கு. வாங்க, போவோம்."

விதி என்றதும் மனிதரால் தட்ட முடியவில்லை. வந்தார், ஒரு நிபந்தனையோடு. "நான்தான் கேப்பேன். அச்சடிச்ச கேள்விய மட்டும். நடுவுல நீங்க வாயத் தொறந்தா தொண்ணூத்தொண்ணும் குப்பைக்குப் போகும்."

டை கட்டிய பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓடி ஓடி உபசரித்தார்கள். சுவரோரம் உயரமாக ஒரு இருக்கை, மேலே வெள்ளை வெளேரென்று செம்மறித் தோல், கையில் புதினாத் தேநீர். அவர் கேட்டார். அவர்கள் சும்மா இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்பது வீடு முடிந்தது. நஸீஹா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தாவது, மப்ரூகா வீடு.

"வேலையா? இல்ல சார், சும்மாதான் இருக்கேன்."

ஹாதி டிக் அடித்துவிட்டு நஸீஹாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்கல்ல? பத்துக்குப் பத்து."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மப்ரூகா பதறினாள்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. உங்களுக்குக் கீழ நாப்பது பேன்ட் இருக்கு. அஞ்சு இன்னும் வெட்டல."

ஹாதி எழுந்தார். அவள் தோலை இழுத்துப் போட்டு, அடியில் அடுக்கியிருந்த ஜீன்ஸிலிருந்து ஐந்தை உருவினாள். கத்தரியை எடுத்தவள், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அதுல என்ன எழுதினீங்க?"

"நீங்க சொன்னதத்தான். வேலை செய்யறதில்லன்னு."

மப்ரூகா கத்தரியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். "என்னக்கா உக்காந்துட்ட? கப்பலுக்கு நேரமாச்சு, வெட்டு."

"நான் வேலை செய்யறதில்லயாம்பா. சாரே எழுதிட்டாரு. கத்தரிய அவர்கிட்ட குடு."

டிரைவர் ஹாதியை முறைத்தான். ஹாதிக்கு முகம் வெளிறிவிட்டது. "அம்மா, வெட்டுங்கம்மா, பாவம், நிக்கறாரு."

"மொதல்ல நீங்க அத அடிச்சு மாத்துங்க. அப்புறம் நான் வெட்டறேன்."

அவர் தன் டிக்கின் மேல் தானே கோடு கிழித்து "ஆம்" என்று எழுதினார். கத்தரி கிளிக் கிளிக் என்று ஓட ஆரம்பித்தது. நஸீஹா அவர் பையிலிருந்து மற்ற ஒன்பது தாள்களையும் எடுத்து நீட்டினாள். அன்று முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இதையும் மாத்துங்க சார். ஒம்பது வீட்டுலயும் நீங்க இந்த மாதிரி பேன்ட் அடுக்கு மேலதான் உக்காந்திருந்தீங்க."