முட்டைச் சுவரும் ஏழு பெருவிரல்களும்

திருத்தங்கல் சாலையில் எங்கள் அச்சகத்துக்குப் புது முகப்பு கட்டியபோது எனக்கும் என் மகளுக்கும் சண்டை வராத நாளே கிடையாது. கட்டிடக்கலை படித்துவிட்டு வந்து அவள் கையில் எடுத்த முதல் வேலை அது. நான் கேட்டது, இந்தச் சாலையில் எல்லாரும் போட்டிருக்கிற மாதிரி முன்பக்கம் முழுக்க அலுமினிய ஷீட். அவள் கேட்டது சுண்ணாம்புச் சுவர். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசித் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கியிருப்பார்கள்.

"நாலு கலர் மெசின் ஓடுற எடத்துல எவனாவது முட்டைய ஒடச்சு ஊத்துவானா?" என்றேன்.

"அத்தா, நீங்க சொல்ற ஷீட்டு வெயில்ல அடுப்பாக் காயும். உள்ள இருக்கவுக எப்படி வேல பாப்பாக?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "கட்டிக்கோ. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு அந்தச் சொவத்துல ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் ஷீட்டுக்காரனக் கூப்பிட்டு மூடிருவேன்" என்று சொல்லிவிட்டேன். அவளும் என் ரத்தம்தானே. "மூடுங்க. நான் மெட்ராசுக்குப் போயி அடுத்தவுக கம்பெனியில படம் வரைஞ்சுக்கிறேன். சொவரு நின்னா இங்கனயே ஆபீசு போடுவேன்" என்றாள். இருப்பது ஒரே மகள். அன்று ராத்திரியே என் வாய்க்கொழுப்பை நொந்துகொண்டேன். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆடிப் பதினெட்டுதான் எங்கள் தொழிலுக்குப் பெருநாள். அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை அன்றைக்குத்தான் வெளியிடுவோம். இதில் சாமி கும்பிடுகிறவர், தொழுகிறவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஊர் ஊராக ஏஜென்டுகள் வந்து இறங்குவார்கள், அவர்கள் முன்னால் மானம் போகக் கூடாது.

மகள் கூட்டி வந்த கொத்தனாருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். காதில் ப்ளூடூத் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே பூசுவார். கோயம்புத்தூரில் ரெண்டு வீடு, பெங்களூரில் ஒரு ஓட்டல் தனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். என் ஆஃப்செட் மெஷினுக்குக்கூட அந்த சீசனில் அவ்வளவு ஆர்டர் இல்லை.

வெள்ளைக்கரு சுவருக்குப் போயிற்று. மஞ்சள்கருவை என்ன செய்வது? பக்கத்து டீக்கடையில் கொடுத்து வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொரித்து ஆட்களுக்குக் கொடுத்தோம். முதல் நாள் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டார்கள். நான்காம் நாள் பைண்டிங் பெண்கள் வந்து, "மொதலாளி, நாளைக்கும் முட்டைன்னா நாங்க லீவு" என்று நின்றார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசிப் பூச்சுக்கு முன்னாலேயே எனக்கு அந்தச் சுவரைப் பிடித்துப் போயிற்று. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஏதோ காற்று வாங்க வருகிறவன் மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

கடைசிப் பூச்சு முடிந்ததும் கொத்தனார் குறுக்கே கயிறு கட்டினார். "பாய், மூணு நாளைக்கு ஒருத்தரும் தொடக் கூடாது. சொவரு வேர்க்கும். நானே துணியால ஒத்தி ஒத்தி எடுப்பேன்."

அச்சகத்துக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினிலிருந்து வந்த தாள் பளபளத்தால், மை காய்ந்ததா என்று பெருவிரலால் ஓரத்தில் அழுத்திப் பார்ப்பான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, புதுக் காலண்டர்த் தாள் ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். சுவர் பளபளத்தது. அவ்வளவுதான். வெள்ளைச் சுவரில் என் பெருவிரல் சிவப்பாகப் பதிந்துவிட்டது.

திருடன் மாதிரி என் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். சிறிது நேரத்தில் மகள் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சொவத்துல கறை ஆயிருச்சு அத்தா. நான் தோத்துட்டேன். ஷீட்டுக்காரருக்குப் போன் போடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பந்தயம் எனக்கு. மகள் மெட்ராசுக்கு. சிவப்பு மை அப்பியிருந்த பெருவிரலை அவள் முன்னால் நீட்டினேன். "நான்தாம்மா."

அவள் விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எத்தன தடவ தொட்டீக?"

"ஒரு தடவதான். சத்தியமா."

"அங்க ஏழு இருக்கு."

வெளியே ஓடிப் பார்த்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு என்று நாலு கலரும் இருந்தது. நான் என் விரலைத் தூக்கிக் காட்டவும், என் பின்னாலேயே வந்த மெஷின்மேன் தலையைச் சொறிந்தபடி நீல விரலைக் காட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக ஏழு பேரும் வந்து நின்றுவிட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்த கொத்தனார் எங்கள் வரிசையைப் பார்த்துத் திகைத்தார்.

"மத்த ஊர்ல சின்னப் புள்ளைகதான் தொடும். இங்கன நரைச்சவுகல்லாம் தொட்டிருக்கீக!"

"காஞ்சிருச்சான்னு பாத்தோம்ணே" என்றார் மெஷின்மேன்.

கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காயல. அதான் தப்பிச்சீக. ஈரத்துலயே மேல்தோலச் சொரண்டிட்டுப் பூசித் தேச்சா தெரியாது. தொட்டவுக அம்புட்டுப் பேரும் கையக் கழுவிட்டு வந்து கல்ல எடுங்க."

மெஷினை நிறுத்தினோம். அவர் பூசிக் கொடுக்க, ஆளுக்கொரு கூழாங்கல்லோடு சாயங்காலம் வரைக்கும் தேய்த்தோம். "அத்தா, அழுத்தாதீக! வட்டமாத் தேயுங்க" என்று மகள் பின்னால் நின்று அதட்டினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆடிப் பதினெட்டு அன்று எதிர்த்த கட்டிடத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளியும் வந்தார். சுவரில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். ஓரமாகத் தட்டிப் பார்த்தார்.

"ஏம் பாய், இது எந்தக் கம்பெனி ஷீட்டு? நம்ம கட்டடத்துக்கும் இதையே போட்டுருவோம்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எம் மக கம்பெனி" என்றேன். "ஆபீசு நம்ம ஊர்லதான்."