கட்டைப் பேனாவும் ஒரு லக்னப் பத்திரிகையும்

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு நிச்சயதார்த்தம். என் தங்கை லலிதாவின் மைத்துனனுக்கு, அதாவது அவள் கணவரின் தம்பிக்கு, பெண் நிச்சயம். டிபன், காபி எல்லாம் ஆயிற்று. லக்னப் பத்திரிகை எழுத வாத்தியார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு குடும்பத்தின் வம்சத்தையும், கல்யாணத் தேதியையும் கையால் எழுதிச் சபையில் வாசிக்கிற காகிதம் அது. வாத்தியார் பையைத் துழாவினார். பேனாவைக் காணோம்.

"யாராவது ஒரு பேனா கொடுங்கோளேன்..."

நான் கையைக்கூட அசைக்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து என் சட்டைப் பையைப் பொத்தியது. என் மனைவி கமலம்! எதிர்ச் சுவரோரம் லலிதா, இடுப்பில் குழந்தையோடு, என்னைப் பார்த்துத் தலையை இட வலமாக ஆட்டினாள். ஒரு பேனாவுக்கு இத்தனை போலீஸ் பந்தோபஸ்தா?

காரணம் இருக்கிறது. சொன்னால் என் மானம் போகும். போனால் என்ன... இந்தப் பத்தியில் வாரா வாரம் போவதுதானே?

எனக்கு மர வேலையில் மோகம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன், மாதுங்காவில் லோக்கல் ரயிலை விட்டு இறங்கியதும் தச்சனாகிவிடுவேன். இரண்டு அறை வீட்டில் பால்கனிதான் பட்டறை. முதலில் ஒரு ஏலக்காய்ப் பெட்டி செய்தேன். மூடி ரொம்பக் கச்சிதம். ஒரு தடவை மூடியதுதான், அப்புறம் திறக்கவே இல்லை. உள்ளே போன ஏலக்காய் உள்ளேயே இருக்கிறது. குலுக்கினால் சத்தம் வரும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குர்லாவில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கையகல லேத் ஒன்றைப் பார்த்தேனே, அங்கே ஆரம்பித்தது வினை. கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிச் சுழலவிட்டு, உளியால் கடைகிற எந்திரம். மோட்டார் கிடையாது. மோட்டார் வைத்தால் எங்கள் கட்டடம் முழுக்க ஃப்யூஸ் போகும். என்ன செய்யலாம் என்று யோசித்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் கமலத்தின் தையல் மிஷின் நின்றுகொண்டிருந்தது... கால் மிதியோடு!

மிஷினின் தலையைக் கழற்றி வைத்தேன். அந்த இடத்தில் லேத்தை உட்கார்த்தி, அதே தோல் பெல்ட்டை மாட்டினேன். மிதித்தால் கட்டை சுழன்றது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் கமலத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏன்னா, நாளைக்கு மேல்மாடி மாமிக்கு ரவிக்கை தைச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேனே, அதையும் இதுலேயே கடைஞ்சு கொடுத்துடுவேளா?" என்றாள்.

இப்படியாகக் காலையில் அவளுக்கு ரவிக்கை, சாயங்காலம் எனக்குக் கட்டை என்று மிஷினைப் பங்கு போட்டுக்கொண்டோம். மரத்தூள் கீழ்வீட்டுப் பால்கனியில் காய்ந்த வடாத்தின் மேல் உதிர்ந்தது. அது தனி வழக்கு.

வெளிநாட்டுப் பேனாக்கள் கண்ணில் படாத காலம் இது. வந்தாலும் கள்ளத்தனமாகத்தான் வருகின்றன. நாமே ஒரு பேனா கடைந்தால் என்ன? நிப்பும், அதற்கு அடியில் மையை இழுத்து வருகிற நாக்கட்டையும் பேனா ரிப்பேர்க்காரரிடம் கிடைத்தன. உடம்புக்கு ஈட்டி மரம் வேண்டும். அதற்காகத் தாராவிக்குப் போய் மைதீன் பாயைப் பிடித்தேன்.

மைதீன் பாய் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். கட்டில் கால், தொட்டில் கட்டை, சப்பாத்திக் குழவி என்று நாள் முழுக்க அங்கே நாலு லேத் ஓடும். ஊர் கடையநல்லூர். என் வயசுதான். எனக்கு ஈட்டித் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, நான் உளி பிடிக்கிற அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உளிய இப்பிடிப் பிடிக்காதீய சார்வாள். அது கட்டையைச் சீவுததுக்கு. ஒங்க மூக்கைச் சீவுததுக்கு இல்ல."

பேனா என்றதும் அவர் முகம் மாறியது. "கட்டை மை குடிக்கும் சார்வாள். உள்ள ஒரு எபோனைட் ரப்பர்க் கொழாயைச் சொருகிட்டு அதுல மை ஊத்துங்க. காலி பீலி வெறுங் கட்டையில ஊத்துனா, இன்னைக்கி இல்லாட்டாலும் ஒரு நாளு வெளிய கக்கிரும்."

"உள்ளே அரக்கு பூசிடறேன் பாய்."

"அரக்கு கீறல் விடும்லா?"

"நான் பூசினா விடாது."

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, வீட்டோட வச்சு எழுதுங்க. நல்ல காரியத்துக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிராதீய" என்றார்.

மூடி திருகுவதற்கு மரை வெட்டும்போது பன்னிரண்டு கட்டைகள் பிளந்தன. பதின்மூன்றாவது பிளக்கவில்லை. உப்புத்தாள் தேய்த்து, அரக்கு பூசி, மெழுகு ஏற்றியதும் என் கண்ணே பட்டுவிடும் போல் பளபளத்தது. மை ஊற்றினேன். ஒழுகவில்லை! பத்து நாள் ஆபீசில் அதை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துத் தேவைப்படாத காகிதங்களிலும் போட்டேன்.

இங்கேதான் லலிதா வருகிறாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய லலிதா. அப்பா அம்மா இல்லை. அவளைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில். அவளுக்கு இருபத்தெட்டு வயசு, செவ்வாய் தோஷ ஜாதகம், டைப்பிஸ்ட் வேலை. ஒவ்வொரு வரனாக வந்து, சொஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில் அவளே, "அண்ணா, சொஜ்ஜியை மட்டும் பார்சல் பண்ணி அனுப்பிடலாமே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செம்பூர் வரன் அப்படியில்லை. டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன். லலிதாவை அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஆபீசுக்கு எத்தனை மணி லோக்கல்ல போறேள்?" அவள் சொன்னாள். "அதுல உட்கார எடம் கிடைக்காதே" என்று அவர் வருத்தப்பட்டார். அன்று முழுக்க லலிதா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆக, அவளுக்குப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு பயம். பையனின் அம்மா சகுனம் பார்க்கிறவர். இதற்கு முன்னால் பார்த்த ஒரு பெண் வீட்டில் குத்துவிளக்கின் திரி சாய்ந்து அணைந்துபோயிற்றாம். கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் பல்லியைக்கூட விரட்டினோம்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் லலிதா என்னிடம் வந்து நின்றாள். "அண்ணா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ சும்மா இரேன்."

"நான் என்ன பண்ணிடப் போறேன்?" என்றேன்.

மறுநாள் எங்கள் மாதுங்கா வீட்டுக் கூடத்தில் வாத்தியார் பத்திரிகை எழுதத் தயாரானார். அவரிடம் நல்ல பேனா இருந்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் தங்கை கல்யாணப் பத்திரிகை, நான் கடைந்த பேனாவால் எழுதப்படவேண்டாமா? சட்டென்று நீட்டினேன்.

"இதுல எழுதுங்கோ. நானே கடைஞ்சது. ஈட்டி."

பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். "நீங்களேவா? பேஷ்!"

அந்த ஒரு 'பேஷ்'ஷுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்துவிட்டேன்.

வாத்தியார் எழுதினார். பிள்ளை வீட்டாரின் கோத்திரம், கொள்ளுத்தாத்தா, தாத்தா... எழுத்து முத்து முத்தாக இறங்கியது. நான் சபையைப் பெருமையோடு சுற்றிப் பார்த்தேன். திரும்பியபோது வாத்தியார் விரல் நீலமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு எழுதினார். கையின் சூடும் அழுத்தமும் சேர்ந்து அரக்கு எங்கோ கீறல் விட்டிருக்கவேண்டும். கடைசி வரியை முடித்துக் கையைத் தூக்கினார் பாருங்கள்... பேனாவின் கழுத்தோரம் திரண்டிருந்த மை, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சொட்டாகப் பத்திரிகையின் மேல் விழுந்தது.

எங்கே? மேலே அவர்கள் வம்சம், கீழே எங்கள் வம்சம். இரண்டுக்கும் நடுவே விட்டிருந்த வெற்றிடத்தில். நட்ட நடுவில்.

வேறு காகிதத்தில் எழுதலாமே என்கிறீர்களா? எழுதிய லக்னப் பத்திரிகையைக் கசக்கிவிட்டு மறுபடியும் எழுதுவதா? திரி சாய்ந்ததற்கு எழுந்து போன மாமி நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதா? நல்ல வேளையாக அந்த நிமிஷம் அவர் தட்டில் கூம்பு கூம்பாக நின்ற பருப்புத் தேங்காய்களின் அழகைப் பக்கத்து மாமியிடம் பாராட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் லலிதா பார்த்துவிட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. 'எனக்குத் தெரியும், இப்படித்தான் ஆகும்' என்பது மாதிரி அமைதியாகத் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டியிருந்த பட்டுப் புடவையின் தலைப்பை மடியில் மடித்து மடித்து வைத்தாள். அந்த லேத்தையும் உளியையும் என்னையும் சேர்த்துப் பால்கனியிலிருந்து வீசிவிட வேண்டும் போல் இருந்தது.

கமலம் கையில் மஞ்சள் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கமாயிற்றே, அதற்காக. சட்டென்று குனிந்தாள். மூலைகளை விட்டுவிட்டு, கெட்டியாக ஒரு விரல் மஞ்சளை எடுத்து அந்தச் சொட்டின் மேல் அப்பினாள்.

ஈர மையில் பட்ட மஞ்சள் பச்சையாயிற்று!

அவள் அசரவில்லை. குங்குமத்தை எடுத்து அதன் மேல் எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைத்தாள். அதற்குள் பிள்ளையின் அம்மா திரும்பிவிட்டார்.

"அதென்ன, நடுவுல?"

"எங்காத்து வழக்கம் மாமி" என்றாள் கமலம். குரலில் பிசிறு இல்லை. "ரெண்டு குடும்பமும் சேர்ற எடம் இல்லையா? மூலைக்கு முன்னாடி அங்கேதான் வெப்போம்."

என் மனைவி பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் நீலக் கையை அங்கவஸ்திரத்துக்குள் செருகிக்கொண்டார்.

"உண்டு, உண்டு... சில ஆத்துல உண்டு."

மாமி பத்திரிகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "நன்னாயிருக்கே! இது தெரியாம எங்காத்துல நாலு மூலையோட விட்டுட்டோமே!"

பத்திரிகை வாசிக்கப்பட்டது. தட்டு மாற்றிக்கொண்டோம். எல்லோரும் போனபிறகு கமலம் குழாயடியில் ரொம்ப நேரம் விரலைத் தேய்த்தாள். மஞ்சளும் குங்குமமும் மையும் சேர்ந்து சீக்கிரம் போகவில்லை. லலிதா நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"கொடு."

பேனாவைக் கொடுத்தேன். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

மைதீன் பாயிடம் போய்ச் சொன்னபோது அவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கொழாயைச் சொருகச் சொன்னேம்லா!" என்று ஒரு எபோனைட் குழாயை எடுத்து என் பையில் போட்டார். அதற்கப்புறம் நான் கடைந்த பேனாக்கள் எதுவும் ஒழுகுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் பையில் இருந்ததும் ஒழுகாத பேனாதான். சத்தியமாக. ஆனால் எங்கள் வீட்டில் யார் நம்புகிறார்கள்?

சரி, செம்பூருக்கு வருவோம். யாரோ ஒருவர் பால் பாயிண்ட் பேனா கொடுத்தார். அதில் எங்கே ஒழுகும்? வாத்தியார் மளமளவென்று எழுதினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். மடிக்கப் போனார்.

"நில்லுங்கோ!" என்று ஒரு குரல். லலிதாவின் மாமியார். "நடுவுல?"

வாத்தியார் விழித்தார். "நடுவுல என்ன மாமி?"

"மஞ்சள்! அதுக்கு மேல குங்குமம்! எங்க மாட்டுப்பொண் ஆத்துலேர்ந்து வந்த சம்பிரதாயம். அந்தப் பொட்டு வெச்சுப் பண்ணின கல்யாணம், பாருங்கோ... மூணு வருஷமா இவா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கடுமையாப் பேசி நான் கேட்டதில்லை."

லலிதா சட்டென்று குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. குழந்தை கையில் என் ஏலக்காய்ப் பெட்டி. கிலுகிலுப்பையாக நன்றாக உழைக்கிறது. கமலம் தரையைப் பார்த்தாள்.

பெண்ணின் அப்பா எழுந்து கைகூப்பினார். "மன்னிக்கணும் மாமி. எங்க பக்கத்துல இது தெரியாது. தப்பா எடுத்துக்கப்படாது..." அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற அதே நிலை. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு வேகம் வந்தது. கமலத்தின் விரல் என் முதுகில் அழுத்தியது. வேகம் அடங்கியது.

நாம் பயபக்தியோடு செய்கிற எத்தனை சம்பிரதாயங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு அசட்டு அண்ணனும் ஒரு கெட்டிக்கார மன்னியும் இருந்தார்களோ... யார் கண்டது?

வாத்தியார் பத்திரிகையை மறுபடி விரித்தார். நட்ட நடுவில் மஞ்சள் அப்பி, எட்டணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தார். மாமியாருக்குப் பரம திருப்தி. பெண்ணின் அப்பா மூச்சு விட்டார்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொட்டுக்கு அடியில் ஒரு சொட்டு மை கூட இல்லையே, சாஸ்திரப்படி அது செல்லுமா?