பகவதிக்கு நேர்ந்த பத்தாயம்

எங்கள் அம்மா கண்மூடி ஓராண்டு ஆகிறது. பொறுமைசாலி, கை நிறையக் கொடுப்பவர் என்றெல்லாம் இந்த நினைவு மலரில் சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அம்மா வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தவர். அதை மகள் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அம்மா பிறந்தது குழித்துறையில். பிறந்த வீட்டுக்கு வயல் கிடையாது. ரேஷன் அரிசியில்தான் கஞ்சி. வாழ்க்கைப்பட்டதோ கோட்டாற்றுக்கு அருகே, வயலும் நெல் கொட்டிவைக்கும் பத்தாயமும் உள்ள வீட்டுக்கு. திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் அப்போது வீட்டுச் செலவுக்குப் போக மிச்ச நெல்லை அளந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஊரே அதைக் கொள்ளை என்றது. நெல்லை ஒளித்து வைப்பதை யாரும் களவாக நினைக்கவில்லை. சர்க்கார் எடுக்கும் நெல்தான் ரேஷனில் பிறந்த வீட்டுக்கு அரிசியாகப் போகிறது என்று தெரிந்தும் அம்மா வாய் திறக்கவில்லை.

ஒரு மாசி மாதம். கும்பப்பூ அறுவடை முடிந்து பத்தாயம் நிறைந்திருந்தது. நெல் அளக்க வரும் கிராம அதிகாரி, பார்வத்தியார், தெருவுக்குள் வந்துவிட்டார் என்றதும் அப்பாவுக்குக் கைகால் ஓடவில்லை. மஞ்சள் துணியில் காசை முடிந்து பத்தாயத்தின் கொண்டியில் கட்டிவிட்டார்.

"இது மண்டைக்காட்டுப் பகவதிக்கு நேர்ந்த நெல்லாக்கும்."

பார்வத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "பகவதிக்குள்ளத நான் தொடுவேனா ஓய்? எம் பிள்ளையளு நல்லா இருக்காண்டாமா?"

அவர் தலை மறைந்ததும் அப்பா சிரித்தார். அம்மா மஞ்சள் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வாயால சொல்லியாச்சு. இனி அது நம்ம நெல்லு இல்ல."

"சும்மா கெட, ஏட்டி. ஒரு துணியக் கெட்டினா நேர்ச்சையாயிருமா?" அப்பாவே முடிச்சை அவிழ்த்து நெல்லை அள்ளினார்.

அந்த வாரத்திலேயே என் தம்பிக்கு வைசூரி போட்டது. வேப்பிலை மேல் கிடந்த பிள்ளை கண் திறக்கவில்லை. அழுதால் தெய்வம் இன்னும் கோபிக்குமோ என்று அம்மா அழக்கூடப் பயந்தார். "நெல்ல எடுத்துக்கோ தாயே, பிள்ளைய விட்டிரு" என்று பத்தாயத்தின் முன்னால் கிடந்தார். நேர்ச்சையைச் சிரித்துத் தள்ளிய அப்பா விதைநெல்லையும் விடாமல் வண்டியில் ஏற்றி மண்டைக்காட்டுக்கு ஓட்டினார். வண்டி திரும்பி வந்தபோது தம்பி இல்லை.

நேர்ந்த நெல்லைத் தொடாவிட்டாலும் அது நடந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்த அறுவடைக்கு அம்மாவே பத்தாயத்தைத் திறந்து வைத்துப் பார்வத்தியாரைக் கூப்பிட்டார். "அளந்து எடுத்துட்டுப் போவும். வீட்டுல வச்சிருக்க எனக்குப் பயமாட்டு இருக்கு." அதன் பிறகு எந்த அறுவடையிலும் அப்பா தடுக்கவில்லை.

நெல் இல்லாத அந்த வருஷம் மரச்சீனிக்கிழங்கும் விதைநெல்லும் கொடுத்து எங்களைக் காத்த சொந்தங்களுக்கும், கடைசி நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. "சர்க்காருக்கு ஆளாயிட்டா" என்று அம்மாவைக் கேலி பேசியவர்களும் இந்த மலரை வாசிப்பீர்கள். ஏன் இப்படிக் கூப்பிட்டுக் கொடுக்கிறாய் என்று நானும் ஒருநாள் கேட்டேன். அம்மா சொன்னார்:

"சர்க்காரு நெல்ல மட்டுந்தான மக்கா எடுக்கும்."