படிக்கட்டுக்கு அடியில் முட்டைகள்

அறுபதுகளில் நான் பயிர்ப்பூச்சி ஆய்வு நிலையம் ஒன்றில் உதவியாளர். சிராங்கூன் சாலை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். இலையை உறிஞ்சிக் கெடுக்கும் சிலந்திப்பேனை இன்னொரு வகைப் பேன் வேட்டையாடித் தின்னும். அந்த வேட்டைப்பேனைப் பெருக்குவதுதான் என் வேலை. தட்டில் ஈரப்பஞ்சின்மேல் அவரை இலைத் துண்டை வைத்து, அதில் பேன்களை விட்டு, தினமும் காலையில் உருப்பெருக்கியில் முட்டை தேடுவேன்.

இரைக்குப் பஞ்சமில்லை, ஆணும் பெண்ணும் இருந்தன. ஆனாலும் மூன்று வாரமாக முட்டை இல்லை. தப்பித்தவறி வந்த ஒன்றிரண்டும் பொரியவில்லை.

நிலைய அதிகாரியின் அறையில் மட்டும்தான் குளிரூட்டும் ஏர்கான். பார்வையாளர்களுக்குக் காட்ட வசதி என்று தட்டுகளை அங்கேயே வைக்கச் சொல்லியிருந்தார். சேலைக்கு மேல் கணவரின் கோட்டைப் போட்டும் எனக்குப் பல் தந்தியடித்தது.

"குளிரு ஜாஸ்தி சார், அதான்" என்றேன்.

"ஏர்கான் நல்லாத்தான் இருக்கு. உங்க கைராசி அப்படி லா. அடுத்த வெள்ளிக்குள்ள முட்டை இல்லன்னா பாட்டில் கழுவப் போயிடுங்க."

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. அது அவருக்குத் தெரியும். வளைகாப்பு வீடுகளில் கேட்ட பேச்சை மைக்ராஸ்கோப் வைத்திருப்பவர் வாயிலும் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்றே பாதித் தட்டுகளை யாரிடமும் கேட்காமல் தகரக்கூரை போட்ட சாமான் அறைக்குக் கொண்டுபோனேன். அவசரப் புத்தி. மறுநாள் காலையில் முட்டைகள் இருந்தன, மதிய வெயிலில் அத்தனையும் சுருங்கிப்போயின. அதே பேன்களைப் புது இலையில் விட்டு, வெயில் எட்டாத மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். இரண்டே நாளில் இலை நரம்போரமெல்லாம் முட்டை, அடுத்து குஞ்சுகள். ஏர்கான் அறையில் விட்டுவைத்த பாதியில் ஒன்றுமில்லை.

அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். "சரி, எல்லாத்தையும் என் ரூமுக்குக் கொண்டாங்க. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க."

"தரமாட்டேன் சார். பார்க்க வேண்டியவங்க இங்க வரட்டும்."

வெள்ளிக்கிழமை டை கட்டிய மூன்று பேர் படிக்கு அடியில் தலையைக் குனிந்து, வியர்த்து வழியப் பார்த்தார்கள். நான் விசிறிகூட எடுத்து வைக்கவில்லை. என்ன மாற்றினீர்கள் என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். அதிகாரி வாயைத் திறக்குமுன் நானே பதில் சொன்னேன்: இடத்தை மாற்றினேன், கை அதே கைதான்.

பாட்டில் கழுவும் பேச்சு அதோடு நின்றது. எனக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அதை வைத்து என் கைராசியைக் குறை சொல்கிறவரோடு இன்றும் சண்டைக்குப் போவேன்.